பத்தாம் எண்

ராத்திரி ரெண்டு மணி. பெருங்களத்தூர் வீட்டில் உட்கார்ந்து ஒரு லினக்ஸ் சர்வரின் தணிக்கைப் பதிவைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஃபைலைக் காணோம். ஒரு நிரல் கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. பதிவில் அந்த எண்தான் இருக்கும். புதிதாகச் சேர்ந்த தம்பியின் கணக்கில் 10 என்று இருந்தது. 10 என்றால் ‘அன்லிங்க்’, ஃபைலை அழிப்பது. எனக்கு மனப்பாடம். ‘அவன்தான்’ என்று மெயில் எழுதிவிட்டேன்.

அனுப்பும் முன் ஏதோ உறுத்த, அட்டவணையைத் திறந்தேன். 10 அழிப்பது 32-பிட்டில். இது 64-பிட், பதிவின் அதே வரியிலேயே அது இருந்தது. இங்கே 10 ‘எம்ப்ரொடெக்ட்’, நினைவகப் பகுதியின் அனுமதியை மாற்றுவது. அநேகமாக எந்த நிரல் தொடங்கினாலும் நடக்கும். அழிப்பதற்கு இங்கே 87, 263. அவன் கணக்கில் அவை இல்லவே இல்லை.

சென்னைக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று ரெண்டு இருக்குமே, அது மாதிரி. எதுன்னு கேட்காமல் கூரியர் பையன்கூட பார்சலைக் கொடுக்கமாட்டான். நான் பழியையே போடப் பார்த்தேன்.

பதிவு பொய் சொல்லவில்லை, என் ஞாபகமும் தப்பில்லை. ரெண்டு உண்மை சேர்ந்து ஓர் அவதூறு. ‘தெரியாம பண்ணிட்டேன்’ என்று சொல்லலாமா? தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகாது என்னும்போது அந்தச் சமாதானம் செல்லாது.

மெயிலை அழித்தேன். தம்பிக்கு இது தெரியாது. சொல்லணுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.