மண்ணியாற்றங்கரைப் பாலகர்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தின் பொருட்டுத் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமியின் சந்நிதியிலே கூடியிருக்கும் உங்களுக்கு, மயிலும் சேவலும் இல்லாத முருகனை நினைத்துப் பார்க்கவும் இயலாதென்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், இறைவனருகே பிராணிகளை நிறுத்தி வணங்கும் நாமே, நம் வீட்டுப் பிள்ளை ஆட்டுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தால், படிப்பை விட்டு இதென்ன விளையாட்டென்று அதட்டிவிடுகிறோம்.

அவ்விளையாட்டின் மகிமையைச் சேக்கிழார் பெருமான் அறிந்திருந்தார். சேய்ஞலூரிலே அந்தணர் குலத்துதித்த விசாரசருமர், இடையனொருவன் தன்னை முட்டப் போன பசுவைக் கோலால் அடிக்கக் கண்டு பொறாதவராய், ஊராரின் சம்மதத்தோடு நிரை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார். வேதம் பயின்ற அப்பாலகர் நல்ல புல்லுள்ள இடம் தேடி ஓட்டிச் சென்று, நீர்த்துறை காட்டி, நிழலில் நிறுத்திக் காத்தார். பசுக்களோ, கன்றைக் கண்டாற்போல அவரைக் கண்டு தாமாகவே பால் சொரிந்தன. பால் பெருகியதைவிட, அடிபட்ட பசுவின் அச்சம் அகன்றதே எனக்குப் பெரிய அற்புதமாகத் தோன்றுகிறது. சொரிந்த பாலையும் அவர் தமக்கென்று கொள்ளவில்லை. மண்ணியாற்று மணலிலே ஆத்தி மரத்தடியில் இலிங்கம் அமைத்து அபிஷேகம் செய்தார். வீடுகளில் கறக்கும் பால் சிறிதும் குறையாதிருந்தும், பால் வீணாகிறதென்று கோள் சொல்ல ஊரில் ஒருவன் இருந்தான். அதன்பின் நிகழ்ந்த கோரத்தையும், சண்டேசுர பதம் கிட்டியதையும் பிரசங்கிகள் விஸ்தாரமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆற்றங்கரையே போதும்.

நம் பகுதி மாட்டுப்பட்டிகளில் வளர்ந்த முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டிலே ஏச்சு வாங்கிய பிள்ளை எருமைக்கன்றின் பக்கத்தில் போய்ச் சாய்ந்தால், அது காரணமும் கேளாது, புத்தியும் சொல்லாது. மூச்சின் வெப்பத்தை மாத்திரம் தரும். அந்த ஆறுதலை நம்மில் எத்தனை பேரால் தர இயலும்?

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்கள் போற்றும் நபிமொழிகளிலே, அபூ உமைர் என்னும் சிறுவனின் செய்தி உண்டு. அவன் வளர்த்த சிறு குருவி இறந்துபோக, வாடியிருந்த அக்குழந்தையிடம், ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் பாரத்தைச் சுமந்த நபிகள் நாயகம், குருவி என்னவாயிற்றென்று பரிவோடு விசாரித்தார். அது வெறும் பறவைதானே என்று தள்ளிவிடவில்லை.

நம் காலத்திலும் இதற்குச் சாட்சியுண்டு. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலட்சுமி என்னும் பசு தேகத்தை விட்டபோது, அதன் அந்திய வேளையில் ரமண மகரிஷி அருகிருந்து தடவிக் கொடுத்தார். திருவண்ணாமலை ஆசிரமத்திலே அதற்குச் சமாதியும் எழுந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. யாத்திரை போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே கொஞ்சநேரம் நிற்க விடுங்கள். தரிசனத்துக்கு நேரமாகிறதென்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.