செம்பிற் களிம்பும் திருவுருவப் பேணலும்

சிவமயம்



மகோற்சவம் நெருங்கிவிட்டால் ஆலயக் கிணற்றடியில் தாய்மார் கூடிவிடுவார்கள். பழப்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு கொண்டு குத்துவிளக்கையும் தூண்டாமணி விளக்கையும் துலக்குவார்கள். இந்தத் தொண்டினுள்ளே பெரியதொரு சித்தாந்த உண்மை அடங்கியிருக்கின்றது.

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். எழுந்தருளி விக்கிரகங்கள் ஆக்கப்படும் ஐம்பொன்னிலும் செம்பே பெரும்பங்கு. முதலில் மெழுகினால் உருவஞ் செய்து, மேலே மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். மண் அச்சை உடைத்தே திருவுருவத்தை எடுக்கவேண்டும். ஆதலால் ஓர் அச்சிற்கு ஓர் உருவமே. அது பழுதுபட்டால் அதே உருவம் மீண்டும் வாராது.

சைவரும் பௌத்தரும் இம்முறையாலேயே தம் வழிபாட்டுருவங்களை வார்த்தனர். பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளிலே 1907ஆம் ஆண்டு தொடக்கம் கண்டெடுக்கப்பட்ட நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய திருவுருவங்களைக் கொழும்பு தேசிய நூதனசாலையிற் காணலாம். மகாயான பௌத்தர் வழிபட்ட, பொன்முலாம் பூசிய தாராதேவியின் திருவுருவம் எமது கிழக்குக் கரையிற் கிடைத்தது. ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர் உயரமான அது 1830ஆம் ஆண்டு இலண்டன் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது.

திருக்கோணேச்சரத்தை நினைத்துப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் அவ்வாலயத்தை இடித்தனர். 1950ஆம் ஆண்டு திருகோணமலையிற் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணுள் இருந்தும் அழியாத உருவங்களை நாம் கையால் அழித்துவிடலாகாது.

அழித்தவன் நான் என்பதாலேயே இதனைச் சொல்கிறேன். சிறுவயதிலே ஒரு விநாயக சதுர்த்திக்கு, எங்கள் வீட்டுச் சுவாமி அறையில் இருந்த பித்தளைப் பிள்ளையாரைப் பழப்புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தேன். பொன்போல மின்னியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்திருந்த கண்ணும் துதிக்கை வரிகளும் மறைந்துபோயின. அப்பாச்சி ஏசவில்லை. “ஊத்தை போனது சரி மோனை, பிள்ளையாற்றை முகமுமெல்லோ போயிட்டுது” என்று மாத்திரம் சொன்னார்.

விளக்குக்குப் புளி தகும், விக்கிரகத்துக்குத் தகாது. புளியும் தேசிக்காயும் உலோகத்தின் மேற்பரப்பை அரிக்கும். மணலும் செங்கல் தூளும் கீறும். பழைய திருமேனியின் கபில நிறம் அழுக்கன்று, காலம் போர்த்திய போர்வை. தயிர், இளநீர், பஞ்சாமிர்த அபிஷேகத்தின் பின் சுத்தநீரால் நன்கு கழுவி, மடிப்புகளில் ஈரம் தங்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்தல் வேண்டும். ஈரத்தோடு பொலித்தீனில் சுற்றி வைக்கலாகாது. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது உப்புச் சேர்ந்து உலோகத்தை உள்ளே தின்னும் நோயாக இருக்கலாம். கடற்காற்று வீசும் ஊர்களில் இதிற் கூடிய கவனம் வேண்டும். தாமதியாது அத்துறை அறிந்தவரிடம் காட்டவேண்டும்.

திருமேனி தீண்டுதல் குருமாருக்கே உரியது. துணியும் காற்றோட்டமான பெட்டகமும் பூட்டும் கொடுப்பது அடியார் கடமை. ஒவ்வொரு மூர்த்தியின் உயரம், நிறையை எழுதிப் படமும் எடுத்து வைப்பது பரிபாலன சபையின் கடமை. களவு போனால் அடையாளங் காட்ட அதுவே உதவும்.

இனி உண்மைப் பொருளுக்கு வருவோம். செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு. உயிர் உள்ள அன்றே ஆணவமும் உண்டு என்பது சைவசித்தாந்தம். துலக்கிய விளக்கு சில நாளில் மீண்டும் கறுப்பதுபோல, நம் முயற்சியால் மாத்திரம் ஆணவம் நீங்காது. ரசகுளிகை பட்ட செம்பு களிம்பு நீங்கிப் பொன்னாவதுபோல, திருவருள் பட்டே உயிர் தூய்மையாகும். அப்படியாயின் துலக்குவது ஏன்? அருள் வருமளவும் நம்மை ஆயத்தமாக வைத்திருப்பதே சரியையும் கிரியையும்.

ஒன்று மறவாதீர்கள். பிள்ளையின் குற்றத்தையும் அயலவர் குற்றத்தையும் நாம் சிலவேளை செங்கல் தூள் போட்டே தேய்க்கிறோம். குற்றம் போகலாம், முகமும் போய்விடும். மூர்த்தியை ஒற்றுகின்ற அந்த மெல்லிய கையோடு மனிதரையும் அணுகுவோம். அதுவும் சிவத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.