அடுக்களையும் அருளும்

சீன தேசத்து ஞானிகளுள் கன்பூஷியஸுக்கு அடுத்த ஸ்தானத்தில் வைத்துப் போற்றப்படும் மென்ஷியஸ், ச்சி நாட்டு மன்னன் ஷுவானிடம் அவனுடைய செய்கை ஒன்றையே எடுத்துக் காட்டித் தர்மம் உரைத்தார். புதிதாக வார்த்த மணிக்கு இரத்தம் பூசிப் பிரதிஷ்டை செய்யும்பொருட்டு இழுத்துச் செல்லப்பட்ட எருது நடுங்குவதைக் கண்டு மனம் பொறாத அம்மன்னன், அதனை விடுவித்துவிட்டு அதற்குப் பதிலாக ஓர் ஆட்டைப் பலியிடுமாறு பணித்திருந்தான். பெரிய பிராணிக்குச் சிறிய பிராணியை ஈடு கொடுத்த கஞ்சன் என்று குடிகள் ஏசினர். மென்ஷியஸோ, எருதைக் கண்டான், ஆட்டைக் கண்டிலன், ஆதலால் அது காருண்யத்தின் வித்தே என்று தேற்றி, இது பற்றியே சான்றோர் சமையற்கட்டுக்கு எட்ட நிற்கின்றனர் என்றும் சொன்னார்.

இக்கதை எனக்கு ஒருநாளும் திருப்தியளித்ததில்லை. காணாத ஆடு மாண்டதே! கண்ணை மறைத்துக் காப்பாற்றப்படுவது உண்பவனுடைய மென்மையான மனமே. பிராணிக்கு அதனால் யாதொரு லாபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்பத்தார் ஒன்றுகூடி உண்பதற்காகச் சில்லி சிக்கன் சமைக்கும் நம் வீடுகளில், தோலுரித்து எலும்பு நீக்கிப் பொட்டலமாக வரும் கோழியை வாங்கும் நாம் அனைவருமே, மென்ஷியஸ் சொன்ன சான்றோராகிவிட்டோம்; அவருக்கிருந்த மனக்கிலேசம் ஒன்றுதான் நம்மிடம் இல்லை. (கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனரின் அடுப்பில் இந்திய நாவுக்கென்று உருமாறிய சமையல் வகை சில்லி சிக்கன், பீகிங் நகரத்துச் சமையற்காரன் கண்டால் திகைப்பான்.)

கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்னும் இந்தச் சமாதானத்தை வள்ளுவர் ஏற்கவில்லை. தின்பதற்காக வாங்குவோர் உலகில் இல்லையாயின் விலைக்கு விற்போரும் இரார் என்று, பழியை நேரே உண்பவன் இலையிலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். ஆயினும் புலால் மறுத்தல் என்னும் அதிகாரம் துறவறவியலில் நிற்பதால், இல்லறத்தானுக்கு அது எவ்வளவு தூரம் விதியாகும் என்ற விசாரம் எஞ்சி நிற்கிறது. சீனத்திலோ, ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட லியாங் வம்சத்துச் சக்கரவர்த்தி வூ, பௌத்த பிக்ஷுக்கள் புலாலுண்பதை விலக்கியதோடு தாமும் அதனைத் துறந்தார். குடிமக்களின் அடுப்போ பழையபடியே எரிந்தது.

துறக்க மாட்டாத இல்லறத்தானுக்கு வழி உண்டா? கன்பூஷியஸைப் பற்றிய குறிப்புகளில், ஒழுங்காக நறுக்கப்படாத இறைச்சியை அவர் தொடமாட்டார் என்றும், இறைச்சி எவ்வளவுதான் இருந்தாலும் சோற்றின் அளவை அது விஞ்சவிடமாட்டார் என்றும் காண்கிறோம். சீனச் சமையலின் சூக்ஷ்மம் இதிலேயே அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். கத்தியின் வேலை முழுவதும் அடுக்களையிலேயே முடிந்துவிடுவதால், மெல்லியதாக நறுக்கி, முட்டையின் வெள்ளைக்கருவிலும் சோளமாவிலும் பிசறி, நன்கு காய்ந்த இருப்புச்சட்டியில் பூண்டு, குடைமிளகாய், வெங்காயத்தாள் இவற்றோடு சோயா சாஸ் விட்டுப் புரட்டி எடுக்கும்போது, அரைக் கிலோ கோழி ஐந்து பேருக்குத் தாராளமாகப் போதும். ஆளுக்கொரு தொடையும் மார்புமாகப் பரிமாறுவோமானால் அதே ஐவருக்கு ஒரு முழுக் கோழியும் பற்றாது.

சுவாங் சூ என்னும் தத்துவஞானி, எருதின் மூட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி அறிந்து வெட்டியதால் 19 ஆண்டுகள் கத்தியைத் தீட்ட நேராத சமையற்காரன் ஒருவனைச் சிருஷ்டித்து, அவன் வாயிலாக வாழ்க்கையின் ரகசியத்தை ஓர் அரசனுக்கு உணர்த்துகிறார். எருதுக்கு அந்த லாகவத்தால் என்ன ஆறுதல் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் தன் கைக்குள் இருப்பது இன்னதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மென்ஷியஸின் சான்றோனுக்கு அதுவும் தெரியாது.

ஆகவே, அடுப்பருகே பெண்டிரை நிறுத்திவிட்டுக் கூடத்தில் அமர்ந்து கோழி கேட்கும் குடும்பத் தலைவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: அடுத்த முறை நீங்களே உள்ளே சென்று, அதனைக் கழுவி, நறுக்கி, ஐந்து பேருக்கு அளந்து சமையுங்கள். கை கூசினால், அதே பூண்டிலும் சோயா சாஸிலும் கத்தரிக்காயை வதக்கிக்கொள்ளுங்கள். அதுவும் ருசியாகவே இருக்கும்.