நான்காவது ஆள்

2013-இல் சண்டிகரில் படித்துக்கொண்டிருந்த பொறியியல் மாணவர் ஒருவர், தங்கியிருந்த கட்டடத்தின் 4-ஆம் மாடியிலிருந்து விழுந்தார். உயிர் தங்கியது, நினைவு திரும்பவில்லை. அதன்பிறகு 11 ஆண்டுகள் பெற்றோர் அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடுவது, மலமூத்திரம் எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. சொந்த வீட்டை விற்றார்கள். இருவருக்கும் வயதும் ஆகிவிட்டது. 2024-இல் அவர்கள் நீதிமன்றத்தின் முன் வைத்த கோரிக்கை, மகனைக் கருணையோடு சாக விடுங்கள் என்பது. டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. வென்டிலேட்டர் இல்லாமல் தானே மூச்சு விடுகிற ஒருவருக்கு உணவுக் குழாயை எடுப்பது பட்டினி போடுவதாகும் என்றது.

அந்த வழக்கு 2025 இறுதியில் மறுபடியும் அதே நீதிமன்றத்தின் படியேறியது. அதிலுள்ள உயிர்-சாவுக் கேள்வி தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நெஞ்சை உறுத்துவது வேறு. 2024 நவம்பரில், நீதிமன்றம் கேட்டதன்பேரில், அரசுத் தரப்பு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து வைத்தது: பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார், உணவு ஆலோசகர் வருவார், கூப்பிட்டால் மருத்துவர் வருவார், செவிலியர் உதவி உண்டு, மருந்து இலவசம். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தப் பட்டியல் 2013-இலேயே ஏன் வரவில்லை? பெற்ற மகனின் சாவை மனுவாக எழுதிக்கொண்டு போனால்தான் வீட்டுக்கு ஒரு செவிலியர் வருவார் என்றால், கோளாறு அந்த வீட்டில் இல்லை.

விபத்தில் சிதைந்த ஒருவரை வீட்டில் வைத்துத் தேற்றுவது யார் கடமை? 'குடும்பத்தின் கடமை, இதில் கேள்வி என்ன' என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி, மறுபாதி அநீதி. கூட இருந்து பார்க்கிறவரின் உழைப்பு ஒரு கடன். அந்தக் கடனில் அரசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஊருக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைச் செலுத்தாமல் பாசத்தின் பெயரால் கைகழுவுவது, அடுத்தவர் உழைப்பைக் கூலி தராமல் எடுத்துக்கொள்வதே.

இதற்கு எங்கோ போய் ஆதாரம் தேட வேண்டாம். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950-ஆவது, மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவதாக வள்ளுவர் வைப்பவர் உழைச்செல்வான், அருகிருந்து கவனிப்பவர். இன்றைய ஆஸ்பத்திரி மொழியில் சொன்னால் 'அட்டெண்டர்'. மருத்துவருக்கும் மருந்துக்கும் இணையாக அவரை ஒரு முழுக் கூறாக எண்ணியிருக்கிறார் வள்ளுவர். ஒட்டுச் சதையாக அல்ல. பரிமேலழகர் இன்னும் ஒரு படி உள்ளே போகிறார். நான்கு கூறுக்கும் நான்கு நான்கு தகுதி சொல்கிறார். கவனிப்பவருக்கு வேண்டியவை நோயாளியிடம் அன்பு, மனமும் மொழியும் மெய்யும் தூய்மையாக இருத்தல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. அன்பு நான்கில் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற மூன்றும் பயிற்சியால் வருபவை. நோயாளிக்கு அவர் சொல்லும் தகுதிகளில் முதலாவது என்ன தெரியுமா? பொருள் உடைமை. கையில் காசு இருக்க வேண்டும் என்று உரையாசிரியரே ஒளிக்காமல் எழுதிவிட்டார். சரக சம்ஹிதையும் மருத்துவத்தின் நான்கு கால்களில் ஒன்றாகப் பணிவிடை செய்பவரை வைக்கிறது. வடக்கும் தெற்கும் இதில் ஒரே பக்கம்.

இன்னும் பின்னால் போகலாம். தொல்காப்பியம் காஞ்சித் திணையில் 'தொடாக்காஞ்சி' என்றே ஒரு துறை வகுத்திருக்கிறது: புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் அண்டாமல் மனைவி காப்பது. விபத்துக்குப்பின் வீட்டில் தேறும் காட்சிக்கு இலக்கண நூலில் தனிப் பெயர் கொடுத்த மொழி இது. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில்கிழார் அந்த வீட்டையே காட்டுகிறார்: வேப்பிலையும் இரவத் தழையும் செருகிய மனை, யாழிசை, தூவிய ஐயவி, மணியோசை, நறும்புகை. அதில் ஒரு நுட்பம் உண்டு. காக்கப் போகும் பெண், தோழியை அழைத்துக்கொண்டு பேசுகிறாள். தனியாக அவள் நிற்கவில்லை. சுற்றமே இல்லாமல் புண்பட்டுக் கிடப்பவன் கதி என்ன? அதற்கும் தொல்காப்பியத்தில் துறை உண்டு. அவனுக்குக் காவல் நிற்பது பேய்.

இன்றைய சட்டத்தையும் திட்டத்தையும் எழுதுகிறவர்கள் அந்தப் பேய்த் துறையை ஒருமுறை படிப்பது நல்லது.

2023-இல் இந்தியச் சாலைகளில் 4,80,583 விபத்துகள் நடந்தன. இறந்தவர்கள் 1,72,890 பேர், காயமடைந்தவர்கள் 4,62,825 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 67,213. இறந்தவர் கணக்கு செய்தியாகிறது. காயமடைந்தவர் கணக்கு அந்த ஆண்டோடு முடிவதில்லை. தொடை எலும்பில் பிளேட் வைத்தவருக்கு மாதக்கணக்கில் நீள்கிறது, முதுகுத்தண்டு முறிந்தவருக்கு ஆயுள் முழுக்க நீள்கிறது. அரசுகள் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின், அந்த மே மாதம் ஒன்றிய அரசும் ஒரு திட்டத்தை அறிவித்தது: 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை. உயிரைப் பிடித்து நிறுத்துவதில் இவை பெரிய காரியங்கள்.

எட்டாம் நாள் என்ன நடக்கிறது?

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வருகிறது. எந்த மாத்திரை எந்த வேளைக்கு, ரிவியூவுக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார் புரட்டுவது என்பது இருக்காது. கதீட்டர் பையை யார் காலி செய்வது, இரவு இரண்டு மணிக்கு வலியில் கத்தினால் யார் எழுந்து உட்காருவது, அந்த ஆள் மறுநாள் வேலைக்குப் போவாரா, போகாவிட்டால் அடுப்பு எரியுமா? செவிலியர் கேட்பது ஒரே கேள்வி: 'கூட யார் இருக்கீங்க?' ஒரு பெண் முன்னால் வருவார். பெரும்பாலும் பெண்தான். ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுக்குள் வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்கள் 41 சதவீதம், ஆண்கள் 21.4 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண் ஒரு நாளில் 140 நிமிடம், ஆண் 74 நிமிடம் செலவிட்டிருக்கிறார்கள்.

கவனிப்பவரின் உழைப்புக்குக் கூலி தருவது அயல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடலுக்குப் போய்வரலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையின் வரவு-செலவை அது பதிந்துவைத்திருக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நாவிதர், தண்ணீர்க்காரர் என்ற வரிசையில், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் நெல்லும் காசும் ஒதுக்கியிருக்கிறார்கள். கற்றச்சன் அவர்களை விட்டுவிடவில்லை.

புத்தர் கதை ஒன்று விநய பிடகத்தில் வருகிறது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த துறவியை ஆனந்தரோடு சேர்ந்து கழுவிப் படுக்கவைத்த பிறகு, ஏன் யாரும் இவரைப் பார்க்கவில்லை என்று கேட்கிறார். 'இவரால் யாருக்கும் பயனில்லை' என்று பதில் வருகிறது. தாயும் தந்தையும் இங்கே இல்லை, நீங்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்கிறார் புத்தர். பராமரிப்பைக் குடும்பத்தின் கையிலிருந்து சங்கத்தின் கைக்கு மாற்றிய இடம் அது. மணிமேகலையில் ஆபுத்திரனிடம் மதுரை அம்பலத்தில் சோறு பெற்றவர்களிலும் கண்ணில்லாதவர், கால் முடங்கியவர் இவர்களோடு, கவனிக்க ஆளில்லாதவர் என்று தனியாக ஒரு வகை உண்டு. ஆளின்மையையும் ஒரு நோய்போலவே சாத்தனார் எண்ணியிருக்கிறார்.

நம் நீதிமன்றங்களும் இந்தப் பாதையில் தயங்கித் தயங்கி நடக்கின்றன. 2007-இல் விபத்தில் சிக்கி, வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்கும்படி ஆன ஒரு சிறுமியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. துணைக்கு இரண்டு ஆள், ஆளுக்கு 12 மணி நேரம், மாதம் 5,000 ரூபாய் வீதம் என்று கணக்கிட்டு, அந்த இனத்துக்கு மட்டும் 21,60,000 ரூபாய் தரச் சொன்னது. கவனிப்புக்கு விலை உண்டு என்பதை ஏற்ற தீர்ப்பு. ஆனாலும் மாதம் 360 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் என்றால் மணிக்கு 14 ரூபாய்கூட வராது. விபத்து நடந்த ஆண்டின் கூலியை வைத்துப் போட்ட கணக்கு என்று சமாதானம் சொல்லலாம். இருந்தாலும் எண் எண்தானே. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், விடுப்பே இல்லாத மனைவியின் வீட்டு உழைப்பு கணவர் வாங்கிய சொத்தில் பங்காகச் சேரும் என்றது. பார்த்துக்கொள்வதும் உழைப்பு என்ற எண்ணம் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. தீர்ப்பாயத்தில் ஈடு கேட்டு நிற்கும் சாதாரணக் குடும்பம் வரை அது இன்னும் வந்து சேரவில்லை. அங்கே மருந்துக் கடைப் பில் இருக்கிறதா என்பார்கள். எட்டு மாதம் கூட இருந்த அம்மாவுக்கு ஏது பில்?

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. பாசத்துக்கு விலை வைத்தால் பாசம் வேலையாகிவிடும், பொய்க் கணக்கு பெருகும், பெற்ற கடனையும் தாலி கட்டிய கடனையும் அரசு ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தாய் கொடுக்கும் பாலுக்கு யாரும் விலை பேசவில்லை. அதற்காகப் பேறுகாலச் சம்பள விடுப்பு கொடுத்ததால் தாய்மை கெட்டும் போகவில்லை. பிரிட்டனில் 1976-இல் கவனிப்பவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியபோது, மணமான பெண்களுக்கு அது கிடையாது என்று வைத்தார்கள். எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஒரு பெண் வழக்குப் போட்டு, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986-இல்தான் அது மாறியது. பாசம் கெட்டுவிடும் என்ற வாதம் எங்கே எழுந்தாலும், விசித்திரமாக, கூலி மிச்சமாவது ஒரே பக்கத்துக்குத்தான்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையை இங்கே நினைக்க வேண்டும். 1973-இல் கொடூரத் தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்த செவிலியர் அருணா ஷான்பாக், 2015-இல் இறக்கும் வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அங்கேயே படுக்கையில் இருந்தார். சக செவிலியர்கள் அவரைக் காத்த விதத்தை 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே மனம்விட்டுப் பாராட்டியது. அந்தப் பாராட்டுக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள். அவர்களுக்குச் சம்பளம் இருந்தது, பயிற்சி இருந்தது, ஷிப்ட் இருந்தது. எட்டு மணி நேரத்தில் அடுத்தவர் வந்து மாற்றிவிடுவார். 2013-இல் மாடியிலிருந்து விழுந்த மாணவரின் காஜியாபாத் வீட்டில் இருந்த தாய்க்கு ஷிப்ட் முடியவே இல்லை. இரண்டு இடத்திலும் அன்பு இருந்தது. ஒரு இடத்தில்தான் ஆள் மாறியது.

தேறுதல் என்பது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியே சாட்சி. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக பெங்களூர் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். அப்போது அவர் பொறியியல் மாணவர். 1981-இல் தன் ஊரிலேயே, தனக்குச் சிகிச்சை செய்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் நினைவாக, அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ வந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய மன உறுதியைச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவரைத் தினமும் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, உடுத்திவிட்ட கைகள் அந்தக் கதையில் எங்கே?

தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' திட்டம், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவரின் பெயருக்கே மாதம் 600 ரூபாய் தருகிறது. தொகை கேலிக்குரியது, பெயர் போட்ட இடம் சரியானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கவனிப்பவர் படி என்பதைத் தன் 24-ஆம் பிரிவில் சொல்லியும் வைத்திருக்கிறது. இவற்றை விபத்துத் திட்டங்களோடு இணைப்பதற்குப் புதிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. ஏழு நாள் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் அதே படிவத்தில், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரை எழுத ஒரு கட்டம் போடலாம். டிஸ்சார்ஜ் ஆகும் முன் அந்தப் பெயருக்கு உரியவருக்கு, புரட்டவும் தூக்கவும் கதீட்டர் மாற்றவும் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கலாம். ஈட்டு வழக்கில் அவருடைய நாட்களையும் ஒரு இனமாக எழுதச் சொல்லலாம், பில் கேட்காமல். கட்டத்தில் எழுதப் பெயரே இல்லாதவர் வந்து நின்றால், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரை அங்கே எழுத வேண்டியிருக்கும்.