முதுமையும் மனைப்பணியும்

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று, மக்கட்கு மணம் முடித்து, பேரப்பிள்ளைகளையுங் கண்ட ஒருவர், எஞ்சிய வாழ்நாளை எதன்கட் செலுத்துதல் வேண்டும் என்பது சைவ நன்மக்கள் பலருள்ளத்தும் எழுவதொரு வினாவாம். தமிழ்நாட்டரசின் அலுவலர்க்கு ஓய்வு பெறும் வயது 2021-ஆம் ஆண்டில் 60 ஆக உயர்த்தப்பட்டது. அறுபது நிரம்பியவர் அலுவலகத்தை விட்டு வெளிவருகின்றார். வேலையோ அவரை விட்டு நீங்குவதில்லை. மகனும் மருமகளும் ஒருங்கே அலுவல் பார்க்கச் செல்லும் இல்லங்கள் பெருகிய இந்நாளில், பகற்பொழுதின் பொறுப்பெல்லாம் பெரும்பாலும் பாட்டனார் பாட்டியார் தலைமேல் நிற்கின்றது.

வைகறையில் எழுந்து பால் வாங்கி வருதல், மேல்தொட்டிக்கு நீரேற்றுதல், பேரனை எழுப்பி நீராட்டிப் பள்ளி வண்டியில் ஏற்றுதல், ரேஷன் கடை வரிசையில் நிற்றல், இரண்டு திங்கட்கு ஒருமுறை மின்கட்டணஞ் செலுத்துதல், காய்கறி வாங்குதல், மனைவியாரை மருத்துவர்பால் அழைத்துச் செல்லுதல், மாலையிற் பேர்த்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தல் என இவ்வாறு பணிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. இரவிற் பாயில் தலைசாய்க்குங்கால், "இன்று திருமுறை ஓதிற்றிலேம்; பூசையையும் விரைந்து முடித்தேம்; வீடு பேற்றினை நாடவேண்டிய பருவம் வீட்டு வேலையிற் கழிகின்றதே" என்று அம்முதியவர் உளம் நோதல் உண்டு. இந்நோவு தக்கதோ? அவர் செய்வன பாசத்தை வளர்க்குஞ் செயல்களோ, அன்றிப் பாசத்தை அறுக்கும் பணியாதற்கும் உரியனவோ? இதனைச் சித்தாந்த நெறியில் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மறுப்போர் கூற்றினைக் காண்பாம். தோல் திரைந்து, மயிர் நரைத்து, மகன் பெற்ற மகனையுங் கண்ட இல்வாழ்வான் காடு புகுதற்குரியன் என்பது மனுநூல் ஆறாம் அத்தியாயத்தின் கருத்து. ஆகவே பேரன் முகம் இல்லத்தை விட்டு நீங்குதற்கு அடையாளமேயன்றி, அதனுள் மீண்டும் புகுதற்கு வாயிலன்று என்பர் அவர். மகன்மேல் வைத்த பற்றே அறுதற்கரிது; அதன்மேற் பேரன்மேற் பற்றினையும் ஏற்றிக்கொள்வது, கட்டவிழ்க்கப் புகுந்தவன் மற்றுமொரு முடிச்சினை இடுதல் போலாம் என்றுங் கூறுவர்.

இக்கூற்றில் உண்மை ஒரு பகுதி உண்டென்பதை யாம் மறுப்பேமல்லேம். பேரன்மேற் செல்லும் பற்று மகன்மேற் சென்ற பற்றினும் நுண்ணிது. மகனை வளர்த்த காலத்துப் பொருளீட்டுங் கவலையும், கண்டித்துத் திருத்துங் கடமையும் உடன் நின்று அப்பற்றினை ஓரளவு மட்டுப்படுத்தின. பேரன்பால் அத்தடைகள் இல்லாமையின் உள்ளம் கரையின்றிப் பாய்கின்றது. பெயரன் என்னுஞ் சொல்லே பேரன் என மருவிற்று. பாட்டன் பெயரைப் பேரற்கு இடுவது தமிழர் வழக்கு. "என் பெயர் இவனால் நிற்கும்" என்னுங் களிப்பு அவ்வழக்கினுள் மறைந்து கிடத்தல் எளிது. பெயர் உடம்பிற்கு இட்ட குறி, உயிர்க்குப் பெயரில்லை. ஆதலின் தம் பெயர் நிலைக்கும் என்று களிப்பார், நில்லாத ஒன்றனைப் பற்றுகின்றார் என்பது வெளிப்படை.

இனி, தமிழ் நூலார் முதுமையைக் குறித்துக் கூறியதும் நோக்கற்பாலது. காம நுகர்ச்சி முதிர்ந்தொழிந்த இறுதிக் காலத்தில், தலைவனுந் தலைவியும் மக்களோடு கூடி, அறத்தை விரும்புஞ் சுற்றத்தாரோடு இருந்து, சிறந்ததாகிய ஒன்றனைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என்பது தொல்காப்பியக் கற்பியலிற் காணப்படுங் கருத்து. மக்களுஞ் சுற்றமும் ஈண்டு விலக்கப்பட்டிலர். அவரொடு கூடியே சிறந்ததனைப் பயிலுதல் கூறப்பட்டது. ஆகவே நாம் கேட்கவேண்டுவது, முதியவர் எங்கு இருத்தல் வேண்டும் என்பதன்று. இருக்குமிடத்து எதனை விடுதல் வேண்டும் என்பதேயாம்.

காடு புகுவோன் விடுவது யாது? உண்ணுதலை விட்டானல்லன், உழைத்தலையும் விட்டானல்லன். காட்டிலும் விறகு பொறுக்குகின்றான், நீர் சுமக்கின்றான், தீ வளர்க்கின்றான். அவன் விட்டது மனைத்தலைமை ஒன்றே. "இது எனது, இதனை நடத்துவோன் யான்" என்னும் நிலையினின்று அவன் இறங்கினான். எனவே முதுமையில் துறக்கப்படுவது ஆட்சியேயன்றி வேலையன்று என்பது எம் துணிபு.

உலகியலிற் காணப்படுவதோ பெரும்பாலும் இதற்கு மாறாயது. வேலையைத் துறந்து ஆட்சியைப் பற்றிக்கொள்வார் பலர். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, சிவஞான சித்தியார் உரையைக் கையிற் கொண்டு, காப்பிக்கு நேரமாயிற்றென்று அடுக்களை நோக்கிக் குரல் கொடுப்பவர் தம்மைத் துறவு நெறியில் நிற்பவராகக் கருதுதல் கூடும். அதே வேளையில் பக்கத்து வீட்டு முதியவர் பேரனது புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் கைப்பிடித்துத் தெருவைக் கடந்து செல்கின்றார். இவ்விருவருள் எவர் பாசத்துள் அழுந்தினார் என்பது புறத்தோற்றத்தால் தெளியப்படுவதன்று.

பன்னிரண்டு சூத்திரங்களையுடைய சிவஞானபோதத்துள், பாசநீக்கங் கூறுவது பத்தாஞ் சூத்திரம். இறைவனோடு ஒன்றாகி அவன் பணியின்கண் வழுவாது நிற்பார்க்கு மலமும் மாயையும் வினையும் வலிகெடும் என்பது அதன் கருத்து. செயலின்றியிருத்தல் ஈண்டுக் கூறப்படவில்லை. பணியின்கண் நிற்றலே கூறப்பட்டது. செயல் ஒன்றேயாயினும், "யான் செய்தேன்" என்னும் முனைப்போடு செய்யுங்கால் ஆகாமியமாய் ஏறுகின்றது. "அவன் செய்வித்தான்" என்னும் அறிவோடு செய்யுங்கால் ஏறுவதில்லை. பால் வாங்கச் செல்லும் நடையும் இவ்விதிக்குப் புறம்பன்று.

இதற்குத் திருநாவுக்கரசு சுவாமிகள் வாழ்வே சான்றாம். முதுமையிலும் உழவாரப் படையைக் கைவிடாது திருக்கோயில் முன்றிலிற் புல் செதுக்கி நின்றவர் அவர். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடங்களிற் பொன்னும் மணியும் வெளிப்பட்டபோது, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒருங்கே வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். பொன் கிடைத்ததென்று மகிழ்ந்திலர். பொன் இடையூறென்று பணியை நிறுத்தவும் இல்லை. கை பணியிலும் உள்ளம் பற்றின்மையிலும் ஒருங்கே நின்றன. திருப்பூந்துருத்தியிலோ, வயதில் மிக இளையராகிய திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளி வந்த சிவிகையை, கூட்டத்தினிடையே ஒருவரும் அறியாவண்ணம் புகுந்து தம் தோளில் தாங்கினார். மூத்தோர் இளையோரைச் சுமத்தல் இழிவென்னும் எண்ணத்திற்கு அங்கே இடமின்மை காண்க.

அற்றேல், "பிள்ளையார் இறைவனருள் பெற்ற ஆசாரியர், நம் பேரனோ நம் குருதிவழி வந்த சிறுவன். இருவரையும் ஒப்பவைத்தல் தகுமோ?" என்று வினவின், தகாது என்பதே விடை. யாம் சிறுவனைப் பிள்ளையாரோடு ஒப்பவைத்தேமல்லேம். சுமந்த தோளினது மனநிலையையே எடுத்துக்காட்டினேம். பேரனது உடம்பு நம் வழி வந்தது. அவ்வுடம்பினுள் நிற்கும் உயிர் நம் வழி வந்ததன்று. அநாதியாகிய அவ்வுயிர், தன் வினைக்கேற்ப இம்மனையில் உடம்பெடுத்தது. அதனை ஒருகாலம் பேணுமாறு இறைவன் நம் கையிற் கொடுத்தான் எனக் கண்டு பேணுவார்க்கு, அப்பேணுதல் சிவப்பணியின் இயல்பினை எய்தும். தம்முடைமை எனக் கண்டு பேணுவார்க்கு அதுவே பாசமாம்.

ஆயின் இவ்விடத்து ஒரு பெரிய இடர் உண்டு. தம் பற்றிற்கெல்லாஞ் சிவப்பணி என்று பெயரிட்டுத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளுதல் மிக எளிது. ஆதலின் உள்ளத்தை அளந்தறிதற்குச் சில அடையாளங்கள் வேண்டும்.

பேரன் இடறி வீழ்ந்தால் விரைந்தோடுங் கால், பக்கத்து வீட்டுச் சிறுவன் வீழ்ந்தாலும் எழுகின்றதா என்பது ஒன்று. செய்த வேலைக்கு ஒருவரும் நன்றி கூறாதவழி, மறுநாள் அதே வேலை முகம் வாடாது நடைபெறுகின்றதா என்பது மற்றொன்று. குழந்தையின் உணவு, உடை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் பெற்றோர் தம் கருத்திற்கு மாறாக முடிவு செய்யுங்கால் அமைந்திருக்க இயலுகின்றதா என்பது மூன்றாவது. அறிந்ததனைக் கேட்டபொழுது ஒருமுறை கூறுக, கொள்ளப்படாவிடின் அமைக. இடர் வருமெனின் கேளாமலுங் கூறுக, பின்னர் விடுக. வீட்டுச் சாவியை மருமகள் கையிற் கொடுத்துவிட்டு, அதனை அவள் எங்கு வைத்தாள் என்று நாள்தோறும் ஆராய்வது கொடுத்ததாகாது.

இறுதி அடையாளமே கடுமையானது. "யான் இல்லையேல் இவ்வீடு நடவாது" என்னும் எண்ணம் உள்ளத்தில் எழுகின்றதா என நோக்குதல் வேண்டும். உழைப்பவர் உள்ளத்திலேயே இது முளைக்கும். சோம்பியிருப்பவர்க்கு இவ்வெண்ணத்திற்கு இடமில்லை. ஆட்சியை விட்டேன் என்பவரது ஆணவம், உழைப்பின் வடிவு கொண்டு பின்வாயில் வழியே புகுவது இவ்வாறாம். மகன் வெளிநாட்டு வேலைக்குக் குடும்பத்தோடு செல்லும் நாளில், வானூர்தி நிலையத்தினின்று மீண்டு வெறுவீட்டிற் புகும் முதியவர்க்கு இவ்வுண்மை விளங்கும். அங்கே வருத்தம் எழுதல் இயல்பு, அதனைக் குற்றமென்னேம். வருத்தத்தோடு நீராடித் திருநீறணிந்து அன்றைய பூசையில் அமர இயலுமாயின், அவர் செய்தது பணியென்பது உறுதியாயிற்று.

பூசையைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். விசேட தீக்கை பெற்றுச் சிவபூசை ஏற்றோர்க்கு அது நித்தியக் கடன். மனைவேலையைக் காரணங் காட்டி அதனை விடுதல் ஒல்லாது. பள்ளி வண்டி ஏழரை மணிக்கு வருமெனின், பூசை அதன்முன் முடியுமாறு எழுந்திருத்தலே நெறி. பூசைக்கிடையே குழந்தை தீங்குற்று அழுமாயின், எழுந்து சென்று அதன் துயர் தீர்த்து, தூய்மை செய்துகொண்டு மீண்டு தொடர்க. உயிர்க்கு இரங்காத உள்ளத்தோடு இடும் மலர் இறைவன் திருவடியைச் சார்வது அரிது. சமய தீக்கை மட்டும் பெற்றோர், ரேஷன் வரிசையில் நிற்கும் பொழுதினையே திருவைந்தெழுத்தினை உள்ளே கணித்தற்கு உரிய பொழுதாக்கிக் கொள்ளலாம்.

மற்றொன்றும் ஈண்டுச் சிந்திக்கற்பாலது. முதியவர் மனைவேலை செய்தல் தகுமோ என்னும் இவ்வினா பாட்டனாரைக் குறித்தே எழுகின்றது. பாட்டியாரைக் குறித்து எழுவதில்லை. அவர்க்கு அறுபதிலும் ஓய்வில்லை, எழுபதிலும் இல்லை. அடுக்களையில் நின்றவாறே பதிகம் ஓதி, பணியும் பத்தியும் வேறாகாமல் வாழ்ந்த மூதாட்டியர் நம் இல்லங்களிற் பலர். பாட்டனார் இன்று புதிதாய்க் கற்கத் தொடங்கிய பாடம், அவர்கள் வாழ்நாள் முழுதும் ஓதியதேயாம். ஆசிரியர் வீட்டினுள்ளேயே இருக்கின்றனர்.

இத்துணையுங் கூறியது முதியோர்க்கு. இளையோர்க்கும் ஒரு சொல் வேண்டும். பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுதற்கு 2007-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. பேணாத மக்களிடமிருந்து பொருளுதவி பெறுதற்கு அது வழி செய்கின்றது. சட்டம் உணவு தரும்; மதிப்பினைத் தருதல் அதற்கு இயலாது. தந்தை மனமுவந்து அளிப்பது பணி. மக்கள் அவரது தளர்ச்சியை நோக்காது வாங்குவது கூலியில்லா வேலை. முழங்கால் நோவோடு மாடிப்படி ஏறுகின்றார் என்பதைக் கண்டும், "அப்பா சும்மாதானே இருக்கின்றார்" என்று மேலும் ஒரு வேலையை ஏவுவார், தந்தையின் பணியைத் தமக்கு வினையாக்கிக் கொள்கின்றார். மூத்தோர்க்கு ஓய்வும், கோயில் வழிபாட்டிற்குப் பொழுதும், அடியார் கூட்டத்திற்குச் செல்ல விடையும் கேளாமற் கொடுத்தல் மக்கள் கடன்.

முடிவாக, உடம்பு தளரும் நாள் ஒன்று வரும். அன்று பையைத் தூக்கக் கை எழாது. கைப்பிடித்துத் தெருவைக் கடத்துவிக்கும் வேலை பேரனுடையதாகும். ஆட்சியைப் பற்றியிருந்தவர்க்கு அந்நாள் பெருந்துன்பம். வேலையையே தம் உடைமையாகப் பற்றியிருந்தவர்க்கும் அது துன்பமே. ஏவியவன் பணியென்று செய்தவரோ, அவன் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டான் எனக் கண்டு, எஞ்சிய ஒரு பணியாகிய நினைத்தலில் அமைவர். நேற்றுப் பேரற்குச் செய்ததை இன்று பேரன் செய்யப் பெறுதலும் ஒரு பணியே. பெறுதற்கும் பணிவு வேண்டும். ஆதலின் முதியோர் மனைப்பணிக்கு நாணற்க, ஆட்சிக்கு நாணுக.

திருச்சிற்றம்பலம்.