சிரிக்க வைப்பவரின் அச்சம்

தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றில் நகைச்சுவை இரவைத் தொகுத்து வழங்க ஒப்புக்கொண்ட ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு இரண்டு வகைப் பதற்றம் வருகிறது. ஒன்று எல்லா மேடைகளுக்கும் பொது: யாரும் சிரிக்காமல் போய்விடலாம். மற்றது இந்த மேடைக்கே உரியது: சிரிப்பு தவறான இடத்தில் வந்துவிடலாம், போகிற போக்கில் சொன்ன சொல் எதிரே இருப்பவரின் பழைய காயத்தில் பட்டுவிடலாம். முதலாவது திறமை பற்றிய கவலை, இரண்டாவது அறம் பற்றிய கவலை. பிறருடைய அவையில் அவர்களையே வைத்துச் சிரிப்பு மூட்ட ஒருவருக்கு என்ன உரிமை என்ற தத்துவக் கேள்வி இந்த இரண்டாவது கவலைக்குள் இருக்கிறது.

தொகுப்பாளர் என்ற பொறுப்பு இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. நடுவில் வந்து பத்து நிமிடம் பேசிப் போகும் கலைஞர் தன் வீடு, தன் வேலை, தன் உடம்பு என்று சொந்தக் கதையைச் சொல்லிவிட்டு இறங்கலாம். தொகுப்பாளருக்கு அந்த வசதி குறைவு. கூட்டம் இன்னும் கையில் கிளாஸோடு அரட்டையில் இருக்கும்போதே முதலில் மைக்கைப் பிடிப்பவர் அவர். ஒரு கலைஞர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் அவையின் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்பவரும் அவரே. முன்வரிசையோடு பேச்சுக் கொடுத்தே அதைச் செய்தாக வேண்டும்: எந்த ஊர், என்ன வேலை, பக்கத்தில் இருப்பவர் யார்? வேறு அரங்குகளில் யாரும் பொருட்படுத்தாத மூன்றாவது கேள்வி இங்கே கனமானது. பக்கத்தில் இருப்பவர் அவருடைய கணவராக இருக்கலாம். அன்று மாலைதான் அறிமுகமானவராக இருக்கலாம். வீட்டில் எவருக்கும் தெரியாமல் வந்தவராகவும் இருக்கலாம். தொகுப்பாளரின் நகைச்சுவைக்கு அவையோரே மூலப்பொருள். அவர்களிடம் சம்மதம் கேட்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதை இம்மதுக்கூடங்களின் வரலாறு காட்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அமெரிக்காவில், தன்பாலீர்ப்பாளர்கள் வந்துபோவதையே காரணமாக்கி ஒரு பாரின் உரிமத்தில் அரசு கைவைத்தது. சான் பிரான்சிஸ்கோவின் பிளாக் கேட் பார் வழக்கில், அவர்கள் கூடுவது மட்டுமே உரிமத்தை நிறுத்திவைக்கப் போதாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. போலீஸ் தொல்லை அதன் பிறகும் ஓயவில்லை. 1966 ஏப்ரலில் நியூயார்க்கின் ஜூலியஸ் பாரில், தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பான மாட்டசைன் சங்கத்தினர் தங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்துவிட்டு மது கேட்டனர். கிடைத்த மறுப்பையே போராட்டமாக்கினர். 1969 ஜூன் 28 அதிகாலையில் அதே நகரின் ஸ்டோன்வால் விடுதியில் நடந்த போலீஸ் சோதனை பல நாள் கிளர்ச்சியாக வெடித்தது. 2016 ஜூன் 12 அன்று ஆர்லாண்டோவின் பல்ஸ் விடுதியில் ஒருவன் சுட்டதில் 49 பேர் மாண்டனர். தெருவில் கேலிக்கு ஆளானவர்கள் அந்தப் பயமில்லாமல் உட்காரத் தேடிக்கொண்ட இடம் இம்மதுக்கூடம். நகைச்சுவை மேடையோ தெருவின் பக்கம் நின்ற காலமும் உண்டு. எடி மர்ஃபியின் ‘டெலிரியஸ்’ (1983) நிகழ்ச்சி தன்பாலீர்ப்பாளரையும் எய்ட்ஸ் பீதியையும் கேலிப்பொருளாக்கியது. 1996இல் அவர் அதற்கு வருத்தம் தெரிவித்தார். ஆகவே மைக்கோடு வரும் புதியவர் எந்தப் பக்கத்து ஆள் என்று அவை முதலில் அளந்து பார்ப்பதில் வியப்பில்லை.

சிரிப்பைப் பற்றிய பழைய கொள்கைகள் அந்தச் சந்தேகத்துக்கு இடம் தருகின்றன. பிறர் குறையைக் கண்டு தன் மேன்மையைத் திடீரென உணரும் பெருமிதமே சிரிப்பு என்றார் தாமஸ் ஹாப்ஸ். சிரிப்பு எப்போதும் ஒரு குழுவுக்குச் சொந்தமானது, வழக்கத்திலிருந்து விலகுபவரைத் திருத்தி வரிசைக்குக் கொண்டுவரும் கருவி அது என்று 1900இல் வெளியான தன் நூலில் ஆன்றி பெர்க்சன் விளக்கினார். சிரிக்கும் கணத்தில் இதயம் சற்று மரத்துப்போக வேண்டும் என்பதும் அவர் கருத்து. இவை முழு உண்மையானால், கோமாளி வேடமிட்ட காவலர்தான் நகைச்சுவையாளர். அவர் இந்த அவைக்குள் வருவதும் ஒரு சோதனைதான்.

ஆனால் எள்ளலுக்கு இன்னொரு முகம் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. அதற்கு உரை கண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும் எள்ளல், பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவதும் எள்ளலே என்று இரண்டாகப் பிரிக்கிறார். இந்த இரண்டாம் வகையை ஹாப்ஸின் கொள்கையால் விளக்க முடியாது. தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்களின் நகைச்சுவை மரபோ அதன்மேல்தான் எழுந்தது. 1950களில் பிளாக் கேட்டில் ஹோசே சாரியா பெண்வேடமிட்டு ஓபராக்களைக் கேலியாகப் பாடினார். அவருடைய ‘கார்மென்’ போலீஸுக்குப் பயந்து சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒளிந்து திரிந்தாள். அவையோர் தம்முடைய அன்றாட அச்சத்தையே மேடையில் கண்டு சிரித்தனர். அவரே 1961இல் நகர ஆட்சிமன்றத் தேர்தலிலும் நின்றார். 1987 ஜனவரியில் லண்டனின் ராயல் வாக்ஸ்ஹால் டேவர்னுக்குள், எய்ட்ஸ் தொற்றிவிடும் என்ற பயத்தில் ரப்பர் கையுறை மாட்டிய போலீசார் புகுந்தனர். அன்று லில்லி சாவேஜ் என்ற பெண்வேடத்தில் மேடையிலிருந்த பால் ஓ’கிரேடி, பாத்திரம் கழுவ ஆள் வந்துவிட்டது என்று கிண்டலடித்ததாகச் சொல்லப்படுகிறது. கையுறை சொன்ன அவமதிப்பு அந்த ஒரு கிண்டலில் கையுறை போட்டவர் பக்கமே திரும்பிவிட்டது.

இதிலிருந்து, உள்ளே இருப்பவருக்கு மட்டுமே கேலி செய்யும் உரிமை உண்டு என்ற முடிவுக்குப் பலர் வருகின்றனர். அம்முடிவில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு கேலிக்குச் சிரிக்க அதன் பின்னுள்ள இழிவான எண்ணத்தைச் சற்றேனும் பகிர்ந்தாக வேண்டும், வெறும் கற்பனையில் ஏற்றுச் சிரிக்க முடியாது என்கிற வகைச் சிரிப்பைத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டி சூசா பிரித்துக் காட்டியிருக்கிறார். உள்ளிருப்பவர் வாயில் அந்த எண்ணத்துக்கு இடமில்லை என்று அவை நம்புகிறது; வெளியாள் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். ஆனால் உள்ளிருப்பதாலேயே எல்லாம் நியாயமாகிவிடாது. தன்பாலீர்ப்பு ஆண் ஒருவர் திருநர்களையோ வேறு நிறத்தவரையோ கேலி செய்யும்போது அவரும் வெளியாள்தான். தன்னைத் தானே கலாய்த்துக்கொள்வதும் எப்போதும் பாதுகாப்பானதன்று. ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்டவர் தன்னைத் தாழ்த்திச் சிரிப்பு மூட்டுவது பணிவாகாது, அவமானமே என்று ஆஸ்திரேலியக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பி ‘நானெட்’ நிகழ்ச்சியில் வாதிட்டார். 2018இல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக அந்த வாதம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. தன்பாலீர்ப்பாளரான தொகுப்பாளருக்கும் எனவே பதற்றம் உண்டு, வடிவம்தான் வேறு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை காத்திருக்கிறது. புண்படுத்திவிடுவோமோ என்று அஞ்சும் தொகுப்பாளர், அவையோரைக் கேலியே செய்யாமல் பாராட்டு மழை பொழியத் தொடங்கலாம். மற்ற அரங்கில் முன்வரிசைக்காரரின் சட்டையைக் கிண்டலடிப்பவர் இங்கே அதே சட்டையைப் புகழ்ந்தால், இவர்களுக்குத் தாங்கும் தெம்பில்லை என்று சொல்லாமல் சொல்கிறார். கேலியிலிருந்து விலக்கிவைப்பதும் ஒதுக்கல்தான். சிரிப்பில் சமமான பங்கு என்பதில், சிரிக்கப்படுவதில் சமமான பங்கும் அடங்கும். ஒருவரை அவருடைய பாலீர்ப்புக்காகச் சிரிப்பதற்கும், பாலீர்ப்பை ஒரு பொருட்டாக்காமல் அவர் சட்டைக்காகவோ, தாமதமாக வந்ததற்காகவோ சிரிப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கு எல்லைக்கோடு.

அப்படியானால் பதற்றத்தை என்ன செய்வது? தீர்மானமான பொருள் கொண்ட அச்சத்தையும் பொருளற்ற பதற்றத்தையும் 1844இல் தத்துவ அறிஞர் கீர்க்ககார்ட் வேறுபடுத்தினார். பின்னதை அவர் சுதந்திரத்தின் தலைசுற்றல் என்று கண்டார். கையில் மைக் இருக்கிறது, எதையும் சொல்லலாம் என்ற நிலையே தொகுப்பாளரின் தலைசுற்றலுக்கும் மூலம். அதற்கு ஒரு பொருள் கொடுப்பது முதல் படி. எதற்கு அஞ்சுகிறோம்: தன் பெயர் கெடுவதற்கா, எதிரே இருப்பவர் புண்படுவதற்கா? அஞ்ச வேண்டியதற்கு, வேண்டிய அளவில் அஞ்சுவது வீரத்துக்கு முரணாகாது என்பது அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ தரும் வரையறை. அதே நூல் நகைச்சுவை நயத்தையும் ஒரு நற்பண்பாகக் கொள்கிறது. என்ன விலை கொடுத்தும் சிரிப்பு வாங்க அலையும் கோமாளித்தனம் ஒரு கோடி, யாரோடும் சிரிக்கத் தெரியாத கடுமை மறுகோடி. நடுவழியை விதிகளால் வரையறுக்க முடியாது என்பதையும் அரிஸ்டாட்டில் ஒப்புக்கொள்கிறார். நயமுடையவர் தமக்குத் தாமே சட்டமாகிறார்.

அந்தச் சட்டம் கேட்பவரைப் பார்த்தே இயற்றப்படுகிறது. தன் பெயரைப் பற்றிய அச்சம் தொகுப்பாளரின் கண்ணைத் தன்மேலேயே திருப்பிவிடுகிறது. அவர் மனப்பாடத்தில் ஒளிந்துகொள்கிறார், அல்லது இரண்டு பெக் போட்டுவிட்டு மேடை ஏறுகிறார். பிறரைப் பற்றிய அச்சம் கண்ணை அவைமேல் திருப்புகிறது: யார் சிரிக்கவில்லை, யார் சிரித்துவிட்டுத் தலைகுனிந்தார், யார் பதிலடி கொடுக்க வாயெடுக்கிறார் என்று கவனிக்க வைக்கிறது. பதிலடிக்கு இடம் விடுவதும், அது தன்னுடையதைவிட நன்றாக இருந்தால் அவையோடு சேர்ந்து சிரிப்பதும் அக்கவனத்தின் பகுதி. மேடை ஏறுமுன் முதல் அச்சம் குறைவது நல்லது. இரண்டாவது கடைசிக் கலைஞர் இறங்கும்வரை உடனிருக்க வேண்டியது. பிறர் அவையில் சிரிப்பு மூட்டும் உரிமையை ஒவ்வொரு முறையும் புதிதாக ஈட்டித் தருவது அதுதான்.