பாடுகிறவர் காது யாருக்கு?

வில்லியனூர் லூர்து மாதா திருவிழா ஆகட்டும், பாகூர்ப் பக்கத்து அம்மன் கோயில் ஆடி விழா ஆகட்டும், மேடை விளிம்பில் சாய்வாக ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பாடுகிறவர் முகத்தைப் பார்த்து ஒலிக்கும் மானிட்டர் அது. அந்த இடத்துக்கு இப்போது காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர் போட்டியாக வந்திருக்கிறது. 1995-ல் வான் ஹேலன் என்ற ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞருக்காக ஜெரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர் காதுக்கு அளவெடுத்துச் செய்த கருவி, இன்று சினிமாப் பாட்டு மேடைகளிலும் பெரிய சபைகளின் ஆராதனை மேடைகளிலும் சாதாரணமாகிவிட்டது. எதை வைப்பது என்பதை வழக்கமாக மைக் செட்காரரிடமே விட்டுவிடுகிறோம். கச்சேரிக்கு அது போதும். பாட்டே வழிபாடாக இருக்கும் இடத்தில் போதாது. கடவுளைப் பாடுகிறவர் முதலில் யாரைக் கேட்க வேண்டும், தன்னையா, தன்னோடு பாடுகிறவர்களையா என்ற கேள்வி அங்கே எழுகிறது. வழிபாட்டை முன்னின்று நடத்தும் குரலுக்குத் தரைப்பெட்டிதான் தகும், அதுவும் அடக்கமாக வைத்த பெட்டி என்பது என் முடிவு. அதற்கான காரணம் ஒலியியலில் பாதி, பக்தி மரபில் பாதி இருக்கிறது.

பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் பிரகலாதன் ஒன்பது வகை பக்தியை வரிசைப்படுத்துகிறான். முதலாவது சிரவணம், கேட்பது. பாடுவதாகிய கீர்த்தனம் அதற்கு அடுத்ததுதான். உரோமையருக்கு எழுதிய கடிதத்தில் பவுல், நம்பிக்கை பிறப்பதே கேட்பதால் என்கிறார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மரபுகள் வாய்க்கு முன் காதை வைத்திருப்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. நம் கிராமத்துக் கலைகளும் அதே அடிப்படையில்தான் அமைந்திருக்கின்றன. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் தெருக்கூத்தைப் பாருங்கள். ஆடுகிறவருக்குப் பின்னால், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணையோடு பின்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டியங்காரனோ துரியோதனனோ ஒரு அடியைப் பாடி முடித்ததும் பின்பாட்டு அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறது. ஆடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்ளவும், சுருதியைச் சரிபார்த்துக்கொள்ளவும், அடுத்த அடிக்குத் தாளத்தைப் பிடிக்கவும் அந்த ஒரு நிமிடம்தான் இடம். மின்சாரம் வருவதற்கு முன்பே நம் ஊரில் இருந்த மானிட்டர் அது. பாடியவருக்கு அவர் பாட்டு இன்னொருவர் குரலாகித் திரும்பி வந்தது. நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதியவரும், மார்கழி விடியலில் தெருவைச் சுற்றும் பஜனைக் கோஷ்டியில் முதல்வர் அடியைத் திருப்பிச் சொல்கிறவர்களும் செய்த வேலையும் இதுவே. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இது புதிதல்ல. 1963-ல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஆவணம், பாடற்குழுக்களைப் பேணச் சொல்லும் அதே இடத்தில், மக்கள் தமக்குரிய பங்கைத் தாமே பாடும்படி மேய்ப்பர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 1877-ல் பிரான்சிலிருந்து வில்லியனூருக்கு வந்த மாதா சுரூபத்தின் முன் நின்று பதிலுரைப் பாடலைத் தொடங்குகிறவர், மக்கள் பல்லவியை எங்கே இழுக்கிறார்கள், எங்கே விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டால்தான் அடுத்த அடியை எடுக்க முடியும்.

இன்-இயர் இதில்தான் குறுக்கே நிற்கிறது. காதுத் துளையை இரண்டு விரல்களாலும் அடைத்துக்கொண்டு ஒரு அடி பாடிப் பாருங்கள். வெளிச்சத்தம் குறைந்து, எலும்பு வழியாக வரும் சொந்தக் குரல் மண்டைக்குள் கனத்து ஒலிக்கும். நன்றாகப் பொருந்திய இன்-இயர் செய்வதும் முதலில் இதையே. பிறகு மிக்ஸரிலிருந்து அனுப்பப்படும் ஒலி சேர்கிறது, அதிலும் பெரும்பாலும் மேலே இருப்பது பாடுகிறவரின் குரல்தான். கச்சேரிப் பாடகருக்கு இது வரம். சுருதி தப்பாது, ஆர்கெஸ்ட்ராவோடு ஒட்டிப் போகலாம். வழிபாட்டில் ஆபத்து இந்த வசதியிலேயே இருக்கிறது. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை உருக்கிவிட்ட நேரங்களைப் பாவமாக எண்ணி ஒப்புக்கொள்கிறார் புனித அகுஸ்தினார், தம் வாக்குமூலத்தின் பத்தாம் புத்தகத்தில். கேட்பவராக இருந்தே அவர் இவ்வளவு அஞ்சினார். பாடுகிறவர் தன் குரலை மட்டுமே, அதுவும் மெருகேற்றி, இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சோதனை எவ்வளவு பெரிதாகும்!

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தரைப்பெட்டிதான் அகங்காரத்தின் பெட்டி என்பார்கள். 1911-ல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டியபடி, சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதக் குரல் தன்னையறியாமல் ஏறும். பாடகர் "எனக்கு இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். உடனே கீபோர்டுக்காரருக்குத் தன்னுடையது கேட்காது, பேடுக்காரருக்கு எதுவுமே கேட்காது. இப்படியே மேடை நூறு டெசிபலைத் தொடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் பாதி நேரம்தான் தாங்கும் என்ற கணக்கில், நூறு டெசிபலில் பதினைந்து நிமிடமே பாதுகாப்பு. அக்கம்பக்கத்தாரின் அமைதியும் ஒரு அறம். சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் ஒரு சபைக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் பிரார்த்தனை செய்யுமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. இவற்றை முழுதாக ஏற்கிறேன். ஆனால் இவை சத்தத்தின் மேல் சுமத்தப்படும் குற்றம், பெட்டியின் மேல் அல்ல. ஊரை எழுப்புவது மரத்திலும் மின்கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி. மேடையில் எல்லோரும் இன்-இயருக்கு மாறினாலும் அது அலறிக்கொண்டேதான் இருக்கும். காதுக்குள் செருகினாலே காது பிழைத்துவிடும் என்பதும் இல்லை, ஒலி அளவைக் குறைத்தால்தான் பிழைக்கும். ஒரு காதில் மட்டும் மாட்டி மறுகாதைத் திறந்து வைப்பவர்கள், திறந்த காதின் சத்தத்தை ஈடுகட்ட மாட்டிய காதில் அளவை ஏற்றி இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். மேடைச் சண்டைக்குத் தீர்வு பெட்டியைச் சரியாக வைப்பது. சாதாரண கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்புறம்தான் செவிட்டுப் பக்கம், பெட்டி அங்கே இருந்தால், அதன் ஒலியை மைக் திரும்ப வாங்குவதால் எழும் ஊளை அடங்கும். சூப்பர்கார்டியாய்ட் மைக்குக்கு அந்தச் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால் இல்லை. இரு புறமும் விலகி, ஏறத்தாழ 125 பாகையில் இருக்கிறது. இதைக் கவனித்து வைத்தாலே ஊளையைப் பெருமளவு குறைக்கலாம்.

கூட்டத்தை நோக்கித் தனி மைக் வைத்து அந்த ஒலியையும் இன்-இயருக்கு அனுப்பலாமே என்பது இரண்டாவது மறுப்பு. அனுப்பலாம், டிரம்ஸ், கீபோர்டு வாசிப்பவர்களுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு பாட்டி பல்லவியை வேறு சுருதியில் எடுக்கிறாள் என்று வையுங்கள். அந்தக் குரல் பாடுகிறவரை எட்டுமா என்பதை மிக்ஸரில் இருப்பவரின் விரல் தீர்மானிக்கக் கூடாது. புலன்களை அடக்கி உள்முகமாவதுதானே ஆன்மிகம், காதை மூடுவதில் என்ன தவறு என்று கேட்பாரும் உண்டு. யோகி காதை மூடுவது மௌனத்துக்காக. இங்கே மூடிய காதுக்குள் நாம் ஊற்றுவது நம் குரலையே. தனித் தியானத்துக்குரிய விதியை ஊர்கூடிப் பாடும் பாட்டுக்குப் பொருத்த முடியாது.

வரும் திருவிழாவுக்கு மைக் செட்டுக்கு முன்பணம் கொடுக்கப்போகும் விழாக்குழுவினருக்கும் பங்குப் பேரவையினருக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டை முதலெடுக்கும் ஓதுவாருக்கும் பாடற்குழுத் தலைவருக்கும் ஒரே ஒரு பெட்டி கேட்டு வாங்குங்கள். மக்கள் திருப்பிப் பாடும்போது அது அவருக்குக் கேட்கிறதா என்று விழாவுக்கு முந்தைய நாளே நிற்க வைத்துப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் முதலில் குறைக்க வேண்டியது மேடைச் சத்தத்தை.